நீலக் கோடு போட்ட அட்டை

நாமக்கல், தோட்டத்திலிருந்து
10.6.2024

அன்பு மகள் ரஞ்சனிக்கு அப்பா எழுதுவது.

இங்கு நானும் கோழிகளும் நலம். அங்கு உன் நலம் அறிய ஆவல்.

என்னடா திடீரென்று கடிதம் என்று பயந்துவிடாதே. போனில் நீ பேசுவது எனக்குக் கேட்பதில்லை, நான் கத்துவது உனக்குப் பிடிப்பதில்லை. முப்பது வருஷம் தீவன அரவை மில்லுக்குப் பக்கத்தில் நின்ற காது வேறு எப்படி இருக்கும்? காது மெஷின் போட்டால் அதுவும் கூவுகிறது, கோழியும் கூவுகிறது. உங்கம்மா இருந்தவரைக்கும் நீ சொல்வதை வாங்கி என் காதுக்குள் சொல்வாள். அவள் போனபிறகு போன் அடித்தாலே யாரிடம் கொடுப்பது என்று சுற்றிப் பார்க்கிறேன். பெரிய போன் வாங்கித் தருகிறேன் என்கிறாய். என் விரல் ஒரு எழுத்தைத் தொட்டால் மூன்று எழுத்து விழுகிறது. பேனாதான் எனக்குச் சரி.

ஆவணியில் அம்மாவுக்கு வருஷத் திதி வருகிறது. நீ வந்து ஒரு ராத்திரியாவது தங்க வேண்டும். விடிவதற்கு முன்னால் காரில் வந்து, மத்தியானம் சாப்பிடாமல் கிளம்பிப் போவதெல்லாம் விருந்தாளி செய்கிற வேலை. சேலத்துக்கும் நமக்கும் ஒன்றரை மணி நேரம்தான் பஸ்.

நேற்று கண்டக்டரிடம் ஒரு அட்டை முட்டை கொடுத்தனுப்பினேன். வந்து சேர்ந்ததா?

வேளைக்குச் சாப்பிடு சாமி.

உன் அப்பா,
அப்புசாமி

•

அஸ்தம்பட்டி, சேலம்
24.6.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

கடிதம் கிடைத்தது. முட்டையும் கிடைத்தது. இரண்டுதான் உடைந்திருந்தது. நல்ல மஞ்சள் என்று கீழ்வீட்டு ராசாத்தி அக்கா சொன்னார்.

வேலை எப்போதும் போல. ஸ்கேன் சென்டரில் டாக்டர்கள் சொல்லச் சொல்ல ரிப்போர்ட் டைப் செய்கிறேன். யார் வயிற்றில் கல், யார் முதுகில் தேய்மானம் என்று எல்லாம் எனக்குத் தெரியும். அவர்கள் முகம் மட்டும் தெரியாது.

திதிக்கு வருவது சிரமம். லீவு கிடைக்காது. நீங்கள் செய்துவிடுங்கள், நான் இங்கே கோவிலுக்குப் போய்க்கொள்கிறேன்.

உங்கள் கடிதத்தில் தீவன வாசம் அடிக்கிறது. வீட்டில் படுக்காமல் பண்ணை ஆபீஸ் ரூமிலேயே படுத்துக்கொள்கிறீர்களா?

சர்க்கரை மாத்திரையை மறக்காதீர்கள்.

ரஞ்சனி

•

நாமக்கல்
8.7.2024

அன்பு மகள் ரஞ்சனிக்கு அப்பா எழுதுவது.

நான் நலம். நீ நலமா என்று கேட்டதற்குப் பதிலே இல்லை. டைப் அடிக்கிறவளுக்கு அந்த ஒரு வரி அவ்வளவு கஷ்டமா?

ஒரு சந்தோஷமான சேதி. உன் பள்ளிக்கூடத்தில் போன வாரம் என்னைக் கூப்பிட்டுப் பொன்னாடை போட்டார்கள். உன்னை ஹாஸ்டலில் சேர்த்த வருஷத்திலிருந்து இன்றுவரை ஒரு செவ்வாய்க்கிழமை கூடத் தவறாமல் முட்டை போட்டிருக்கிறோமாம். நாங்கள் எங்கே போட்டோம், கோழிதானே போட்டது என்றேன். மேடையில் இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். மைக்கில் என்ன பேசினார்கள் என்று எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் நீ அங்கே படித்தவள் என்று நான் கத்திச் சொன்னது எல்லோருக்கும் கேட்டிருக்கும்.

ஆகஸ்டில் பழைய மாணவர்கள் விழா நடத்துகிறார்கள். நீ வந்து நாலு வார்த்தை பேச வேண்டும் என்று கேட்டார்கள். வருவாள் என்று சொல்லிவிட்டேன். அழைப்பிதழில் பேர் போடுகிறார்களாம். உங்கம்மா இருந்திருந்தால் அந்தக் காகிதத்தை ஊர் முழுக்கக் காட்டியிருப்பாள்.

அப்படியே திதிக்கும் இருந்துவிட்டுப் போகலாம்.

அப்பா

•

அஸ்தம்பட்டி
15.7.2024

அப்பா,

அந்த அழைப்பிதழில் என் பேரை அடிக்கச் சொல்லுங்கள். நான் வர மாட்டேன். பேச மாட்டேன். அந்த கேட்டுக்குள் என்னால் கால் வைக்க முடியாது. பஸ்ஸில் வந்தால் அந்த மதில் சுவரைத் தாண்டித்தான் நம் ஊருக்கு வர வேண்டும். அதனால்தான் இருட்டில் கார் வைத்து வருகிறேன், கண்ணை மூடிக்கொண்டு.

நலமா என்று என்னைக் கேட்காதீர்கள். ஏன் என்று இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன்.

அங்கே ஞாயிற்றுக்கிழமை காலை எல்லோரையும் வரிசையாக உட்காரவைத்து வீட்டுக்குக் கடிதம் எழுதச் சொல்வார்கள். முதல் வரி போர்டில் இருக்கும். ‘நான் நலம், நலமறிய ஆவல்.’ கடைசி வரியும் போர்டில் இருக்கும். ‘இங்கு எல்லா வசதியும் நன்றாக உள்ளது.’ நடுவில் இரண்டு வரி மட்டும் எங்களுடையது. வார்டன் படித்துப் பார்த்துவிட்டுத்தான் ஒட்டுவார். ஒரு தடவை ‘வீட்டுக்கு வர வேண்டும் போல இருக்கிறது’ என்று எழுதினேன். அதை எல்லோர் முன்னாலும் கிழித்துவிட்டு வேறு எழுதச் சொன்னார். உங்களுக்கு வந்தது அந்த இரண்டாவது கடிதம்.

அன்று ராத்திரி என்னை மெஸ்ஸுக்குப் பின்னால் இருக்கும் சாமான் அறையில் வைத்துப் பூட்டினார்கள். மார்க் குறைந்தாலும் அதே அறைதான். விளக்கு இல்லை, ஜன்னல் இல்லை. விடியற்காலை மணி அடித்தபிறகுதான் திறப்பார்கள். இரண்டு வருஷத்தில் எத்தனை ராத்திரி என்று நான் எண்ணவில்லை.

எனக்கு முப்பத்து மூன்று வயதாகிறது அப்பா. இன்றைக்கும் கதவைச் சாத்திவிட்டு என்னால் தூங்க முடியாது. ஒரு செருப்பைக் கொடுத்துக் கதவைத் திறந்து வைத்துத்தான் படுக்கிறேன். திருடன் வருவான் என்கிறார் ராசாத்தி அக்கா. வரட்டும். பார்க்க வந்த மாப்பிள்ளைகளை எல்லாம் ஏன் வேண்டாம் என்றேன் என்று அம்மா சாகும்வரை கேட்டாள். ஒரே அறையில் தாழ்ப்பாள் போட்டு இன்னொருவரோடு எப்படி இருப்பேன்?

ஜனவரியிலிருந்து இங்கே மைதிலி என்று ஒரு டாக்டரிடம் போகிறேன். மனசுக்குப் பார்க்கிற டாக்டர். அப்பாவுக்கு ஒரு கடிதம் எழுதுங்கள், அனுப்ப வேண்டும் என்று இல்லை என்றார். நான் அனுப்புகிறேன்.

நீங்கள் கொடுத்துவிடும் முட்டையை நான் தொட்டதில்லை. இனி அனுப்ப வேண்டாம்.

ரஞ்சனி

•

நாமக்கல்
5.8.2024

ரஞ்சனிக்கு,

இங்கு நானும் கோழிகளும் (பழக்கத்தில் எழுதிவிட்டேன். விட்டுவிடு.)

உன் கடிதத்தைப் பண்ணையில் வைத்துப் படித்தேன். பிறகு வீட்டுக்குப் போய் உங்கம்மா படத்துக்கு முன்னால் உட்கார்ந்து படித்தேன். அவளிடம் இதைச் சொல்லலாமா கூடாதா என்று தெரியவில்லை. சொல்லவில்லை.

விழாவுக்கு நீ வரமாட்டாய் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிவிட்டேன். அந்தப் பொன்னாடை பீரோவில் இருக்கிறது. அதை என்ன செய்வதென்று தெரியவில்லை.

எனக்கு ஒன்றுதான் விளங்கவில்லை சாமி. மாசா மாசம் ஞாயிற்றுக்கிழமை பார்க்க வந்தேனே. உங்கம்மா தூக்குப் போசியில் குழம்பு ஊற்றிக் கொடுப்பாள். வேப்ப மரத்தடியில் உட்கார்ந்து சாப்பிடுவாய். “நல்லா இருக்கறயா சாமி?”ன்னு கேட்பேன். “நல்லா இருக்கறனுங்கப்பா”ன்னு சொல்லுவாய். அப்போது இந்தக் காதும் நன்றாகத்தான் இருந்தது. ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கையோடு கூட்டிக்கொண்டு வந்திருப்பேனே. ஏன் என்னிடம் சொல்லவில்லை?

சாப்பிடு. தூங்கு.

அப்பா

•

அஸ்தம்பட்டி
9.8.2024

அப்பா,

சொன்னேன்.

எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். நீங்கள் இப்படிக் கேட்டபிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

அந்த மரத்தடியில் நமக்குப் பின்னால் வார்டன் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். உங்களுக்கு ஞாபகம் இருக்காது. நீங்கள் அவருக்கு மரியாதையாக வணக்கம் சொல்லுவீர்கள். அங்கே நான் எதைச் சொல்வது?

அந்தச் சாமான் அறையில் அடுக்கியிருந்தது நம் பண்ணை முட்டை. நம் அட்டைகளில்தான் ஓரமாக நீலச் சாயக் கோடு இருக்கும். அம்மா பழைய துணியைச் சாயத்தில் தோய்த்து இழுத்த கோடு. கதவிடுக்கில் வரும் வெளிச்சத்தில் அந்தக் கோடு மட்டும் எனக்குத் தெரியும். முதல் ராத்திரி அதைப் பார்த்துத்தான் அழாமல் இருந்தேன். நம் வீட்டுச் சாமான் பக்கத்தில் இருக்கிறது என்று ஒரு தைரியம்.

காலியான அட்டைகளை மூலையில் கட்டி வைத்திருப்பார்கள். செவ்வாய்க்கிழமை வண்டியில் திரும்பப் பண்ணைக்குப் போகும். கடிதத்தைத்தான் வார்டன் படிப்பார், அட்டையை யார் படிக்கப்போகிறார்கள்? பிளஸ் டூவில், பொங்கல் முடிந்து திரும்பிப் போன வாரம், ஒரு அட்டையின் அடிப்பக்கத்தில் பேனாவால் எழுதினேன். இருட்டில் தடவித் தடவி எழுதினேன். ‘அப்பா, என்னைப் பூட்டி வைக்கிறாங்க. வந்து கூட்டிக்கிட்டுப் போங்க. ரஞ்சனி.’ அந்த அட்டைக் கட்டின் மேலாக வைத்தேன். செவ்வாய்க்கிழமை நம் வண்டி வந்து கட்டை எடுத்துக்கொண்டு போனதை வகுப்பு ஜன்னலில் இருந்து பார்த்தேன்.

புதன்கிழமை வருவீர்கள் என்று நினைத்தேன். வியாழக்கிழமை பையைக்கூட அடுக்கி வைத்தேன். நீங்கள் வழக்கமான ஞாயிற்றுக்கிழமைதான் வந்தீர்கள். கிளம்பும்போது என் தலையில் கை வைத்து, “கொஞ்ச நாள் பொறுத்துக்க சாமி”ன்னு சொன்னீர்கள். வார்டனைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனீர்கள்.

நீங்கள் படித்துவிட்டீர்கள், படித்துவிட்டுத்தான் பொறுத்துக்கொள் என்கிறீர்கள் என்று புரிந்துகொண்டேன். அதற்குப் பிறகு நான் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை.

ரஞ்சனி

•

அஸ்தம்பட்டி
20.9.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

ஆறு வாரமாக உங்களிடமிருந்து ஒன்றும் வரவில்லை. தினமும் வேலை விட்டு வந்ததும் கேட்டில் தொங்கும் பெட்டியைத் திறந்து பார்க்கிறேன். கரண்ட் பில்லும் கல்யாணப் பத்திரிகையும்தான் இருக்கிறது. அதுவும் ராசாத்தி அக்காவுக்கு.

திதி அன்று காலையில் குளித்துவிட்டுக் காக்கைக்குச் சோறு வைத்தேன். மொட்டை மாடியில் காக்கையே வரவில்லை. வெயில் ஏறும்வரை உட்கார்ந்திருந்தேன். பிறகு ஒரு அணில் வந்து தின்றது. அம்மாவுக்கு அணில் பிடிக்கும், அதனால் பரவாயில்லை என்று வேலைக்குப் போய்விட்டேன்.

பண்ணையில் நீங்கள் மட்டும்தான் திதி கொடுத்திருப்பீர்கள். யார் சமைத்தார்கள்? நீங்கள் சாப்பிட்டீர்களா?

நான் எழுதியதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. ஆனால் அனுப்பாமல் இருந்திருக்கலாமோ என்று தோன்றுகிறது. பக்கத்தில் யாரும் இல்லாதவருக்கு அந்தக் கடிதத்தை அனுப்பினேன். எனக்காவது வாரம் ஒரு டாக்டர் இருக்கிறார்.

திட்டி எழுதினாலும் சரி, எழுதுங்கள்.

ரஞ்சனி

•

நாமக்கல்
14.10.2024

அன்புச் சாமிக்கு,

இன்றைக்குக் காலையில் என்ன சாப்பிட்டாய்? இனிமேல் நான் கேட்கப்போவது இதுதான். நான் பழைய சோறு சாப்பிட்டேன்.

எழுத உட்காராமல் இல்லை. எழுதி எழுதிக் கிழித்தேன். எழுதியதெல்லாம் எனக்கு நானே வக்கீல் வைத்துக்கொண்ட மாதிரி இருந்தது. அப்படி ஒரு அட்டையைப் பார்த்ததாக எனக்கு ஞாபகமே இல்லை. ஆனால் ஞாபகம் இல்லை என்று சொன்னால் போதுமா? பார்த்துவிட்டு மறந்திருந்தால்? ஒரு அப்பன் அதை மறப்பானா? மறந்திருந்தால் நான் என்ன மனுஷன்? இதோடுதான் இத்தனை நாளும் படுத்து எழுந்தேன்.

முந்தாநாள் ராசிபுரம் போனேன். அப்போது நம் முட்டை வண்டி ஓட்டினானே பச்சமுத்து, அவன் இப்போது மகனுடைய நெய்க்கடையில் உட்கார்ந்திருக்கிறான். நீ பிளஸ் டூ படித்த வருஷம் பள்ளிக்கூடத்து அட்டையில் எப்போதாவது எழுத்து பார்த்தாயா என்று கேட்டேன். அவன் காதுக்குப் பக்கத்தில் வந்து சத்தமாகச் சொன்னான்.

“அந்த வருசம் ஏதுங்க அட்டை? வடக்க கோழிச் சீக்குன்னு எல்லாரும் பயந்துக்கிட்டு இருந்தோமே. வெளிய போய்ட்டு வந்த அட்டை ஒண்ணையும் நீங்க கேட்டுக்குள்ள உடலீங்க. வண்டிய ரோட்டோரத்துலயே நிறுத்தி, கட்டோட இறக்கி, நீங்கதானுங்க சீமெண்ண ஊத்தி நெருப்பு வெச்சீங்க. எனக்கும் கையக் கால மருந்துத் தண்ணியில கழுவச் சொல்லுவீங்க. மறந்துட்டீங்களா?”

அவன் சொன்னபிறகு எனக்கு எல்லாம் வந்துவிட்டது. வெளி அட்டையில் நோய் ஒட்டிக்கொண்டு வந்தால் மொத்தப் பண்ணையும் ஒரு வாரத்தில் போய்விடும். நான் ரொம்ப கவனமான ஆள் என்று பேர் வாங்கியவன். கட்டைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. உன் எழுத்தை என் கையால் எரித்தேன் சாமி.

“பொறுத்துக்க”ன்னு நான் சொன்னது பரீட்சையை நினைத்து. பரீட்சை முடிந்தால் வீட்டுக்கு வந்துவிடுவாய் என்கிற சந்தோஷத்தில் சொன்னது. அது உனக்கு அப்படிக் கேட்டிருக்கிறது.

பார்த்திருந்தால் அன்றைக்கே ஓடிவந்திருப்பேன் என்று எழுதத்தான் கை வருகிறது. ஆனால் அதுவும் எனக்கு நிச்சயமில்லை. அந்த வருஷத்து அப்புசாமியை எனக்குத் தெரியும். மகள் டாக்டராவாள் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவன். பிள்ளை வீட்டு ஏக்கத்தில் எழுதியிருக்கிறது, இன்னும் இரண்டு மாசம்தானே என்று நினைத்திருந்தாலும் நினைத்திருப்பான். வந்திருப்பான் என்றே நம்ப எனக்கு ஆசை. உனக்குப் பொய் எழுத வேண்டாம் என்று இதையும் எழுதுகிறேன்.

திதிக்குச் சமையலுக்கு ஆள் வைத்தேன். உப்புப் போட மறந்துவிட்டாள். நான் சாப்பிட்டேன்.

செவ்வாய்க்கிழமை வண்டி இப்போது அந்தப் பக்கம் போவதில்லை.

அப்பா

•

அஸ்தம்பட்டி
27.10.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

காலையில் இரண்டு இட்லி. ஒன்றை முழுசாகச் சாப்பிட்டேன், ஒன்றைப் பாதி.

உங்கள் கடிதத்தை மைதிலி டாக்டரிடம் கொண்டுபோய்ப் படித்துக் காட்டினேன். சீமெண்ணெய் வந்த இடத்தில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே இருந்தேன், அப்புறம் பார்த்தால் அழுதுகொண்டிருந்தேன். டாக்டர் எழுந்து போய் அறைக்கதவைத் திறந்து வைத்தார்.

பதினாறு வருஷமாக ஒரு ஆளோடு எனக்குப் பேச்சு இல்லை. என் அட்டையைப் படித்துவிட்டு மறைத்து வைத்துக்கொண்டு பேசாமல் இருந்துவிட்ட ஆள். அம்மா செத்தபோது அந்த ஆள் அழுததைப் பார்த்தும் எனக்கு மனசு இளகவில்லை. இப்போது அப்படி ஒரு ஆளே இல்லை என்கிறீர்கள். நம்புகிறேன். ஆனால் இத்தனை வருஷக் கோபத்தையும் எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை. வார்டன் மேல் வைக்கலாம் என்றால் அந்த அம்மாள் முகமே எனக்கு மறந்துவிட்டது. கொலுசுச் சத்தம் மட்டும் இருக்கிறது.

வந்திருப்பேன் என்று நீங்கள் சும்மாவாவது எழுதியிருக்கலாம். எழுதாதது நல்லதுதான். அங்கேதான் உங்களை நம்பினேன்.

தீபாவளிக்கு வரவில்லை. கோபத்தினால் இல்லை. ரோட்டினால்.

வெறும் வயிற்றில் காபி குடிக்காதீர்கள்.

ரஞ்சனி

•

நாமக்கல்
11.11.2024

அன்புச் சாமிக்கு,

சோளக் களி சாப்பிட்டேன். நானே கிண்டினேன். கட்டி கட்டியாக இருந்தது.

தீபாவளி அன்று உங்கம்மாவுக்குப் புடவை வைத்துக் கும்பிட்டேன். பிறகு வீட்டில் இருக்க முடியாமல் பண்ணைக்கே போய்விட்டேன். நீ அப்போதே கேட்டாய், நான் பதில் எழுதவில்லை. ஆமாம், ஆபீஸ் ரூமில்தான் படுக்கிறேன். வீட்டில் அவள் கட்டில் காலியாகக் கிடப்பதைப் பார்த்துக்கொண்டு படுக்க முடியவில்லை.

இந்த வாரம் வீட்டைத் திறந்து வெள்ளை அடித்தேன். உன் அறைக்கதவில் இருந்த தாழ்ப்பாளை, உள்ளே ஒன்று வெளியே ஒன்று, இரண்டையும் கழற்றிவிட்டேன். திருகாணி ஓட்டையை அடைத்துப் பெயிண்ட் அடித்தாயிற்று. இப்போது அதை யாரும் பூட்ட முடியாது, நீ நினைத்தாலும் முடியாது. முட்டை வீட்டுக்குள் வராது. பண்ணையோடு சரி.

வருகிற ஞாயிற்றுக்கிழமை உன்னைக் கூட்டிக்கொண்டு போக வருகிறேன். நீ அட்டையில் கேட்டதற்கு இப்போதுதான் வருகிறேன். ஆனால் நீ வந்தே ஆக வேண்டும் என்று இல்லை. மாடி ஏற மாட்டேன், கதவைத் தட்ட மாட்டேன். கேட்டுக்கு வெளியே நிற்பேன். வர வேண்டும் போல இருந்தால் இறங்கி வா. இல்லையென்றால் நான் சாயங்கால பஸ்ஸுக்குத் திரும்பிவிடுவேன்.

அப்பா

•

நாமக்கல்
18.11.2024

அன்புச் சாமிக்கு,

நேற்று வந்தேன். அஸ்தம்பட்டி ரவுண்டானாவில் இறங்கி விசாரித்து வந்தேன். இத்தனை வருஷத்தில் உன் இடத்தை நான் பார்த்ததே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. நீ கூப்பிடவில்லை, நானும் கேட்கவில்லை.

எதிரில் வாகை மரத்தடியில் நின்றேன். உன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றால் உனக்குச் சங்கடமாக இருக்குமே என்று முதுகைக் காட்டிக்கொண்டு ரோட்டைப் பார்த்து நின்றேன். ஏற்காடு போகிற வண்டிகளாகப் போனது. மத்தியானம் பேக்கரியில் ஒரு பன்னும் டீயும். ராசாத்தி அம்மா வந்து உள்ளே உட்காரச் சொன்னார்கள் என்று நினைக்கிறேன், வாயசைப்பை வைத்துச் சொல்கிறேன். இங்கேயே இருக்கிறேன் என்று கையைக் காட்டினேன்.

நீ வரவில்லை. எனக்கு வருத்தம் இல்லை என்று எழுதினால் பொய். திரும்பி வருகிற பஸ்ஸில் அந்த மதில் சுவர் வந்தது. நான் இத்தனை காலம் அதைப் பெருமையாகப் பார்த்தவன். நேற்று தலையைக் குனிந்துகொண்டேன். கண்ணை மூடிக்கொண்டு வருவேன் என்று நீ எழுதியது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

வருகிற ஞாயிற்றுக்கிழமையும் வருவேன். அதற்கடுத்த ஞாயிறும் வருவேன். எனக்குக் கோழியைத் தவிர வேறு சோலி இல்லை, அதற்கு ஆள் இருக்கிறது. நீ அவசரப்படாதே.

இரண்டு இட்லியும் முழுசாகச் சாப்பிடு.

அப்பா

•

அஸ்தம்பட்டி
20.11.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

இரண்டு இட்லி, முழுசாக.

நேற்று ராத்திரி தூங்கினேன். முந்தாநாள் தூங்கவில்லை. என் நலம் இப்போதைக்கு இவ்வளவுதான், இனிமேல் இப்படியே எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை நீங்கள் வந்ததிலிருந்து போகும்வரை நான் ஜன்னலில்தான் நின்றேன். உங்கள் முதுகைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். சட்டைக் காலர் கிழிந்திருக்கிறது, அம்மா இருந்தால் அதைப் போட விட்டிருக்க மாட்டாள். பன்னில் பாதியை நாய்க்குப் போட்டதையும் பார்த்தேன். இறங்கி வருவதற்குப் படி வரைக்கும் வந்தேன், கால் நின்றுவிட்டது. நின்ற காலை என்ன செய்வது என்று மைதிலி டாக்டர் சொல்லிக் கொடுத்திருக்கிறார். அதெல்லாம் அந்த நேரத்தில் ஞாபகம் வரவில்லை.

சாயங்காலம் நீங்கள் பையை எடுத்துத் தோளில் மாட்டினீர்கள். அப்போது நான் உங்களைக் கூப்பிட்டேன். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, அப்பா என்று கத்தினேன். ராசாத்தி அக்கா வெளியே ஓடிவந்துவிட்டார். பேக்கரியில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் நிமிர்ந்து பார்த்தார்கள். உங்களுக்கு மட்டும் கேட்கவில்லை. ரவுண்டானா பக்கம் நடந்து போய்விட்டீர்கள்.

கூப்பிட்டும் நீங்கள் வராமல் போனது இது இரண்டாவது தடவை. ராத்திரி எனக்குப் பழையபடி கோபம் வரும் என்று காத்துக்கொண்டிருந்தேன். வரவில்லை. அப்பாவுக்குக் காது கேட்காது, அவ்வளவுதான் என்று தோன்றியது. உங்களை நினைத்து, அந்தக் காலரை நினைத்து, அழுதேன்.

பை அடுக்கி வைத்திருக்கிறேன். ஒரு ராத்திரிக்கு மட்டும். பஸ்ஸிலேயே போகலாம், கார் வேண்டாம். மதில் சுவர் வரும் பக்கத்தில் நீங்கள் உட்காருங்கள், நான் உள்பக்கம் உட்காருகிறேன். அந்த இடம் வந்ததும் என்னிடம் எதுவும் பேச வேண்டாம், கையை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். கால் மறுபடியும் படியில் நின்றுவிட்டால் அடுத்த ஞாயிறு பார்ப்போம்.

ஒன்றே ஒன்று. வருகிற ஞாயிற்றுக்கிழமை ரோட்டைப் பார்த்து நிற்காதீர்கள் அப்பா. மாடியைப் பார்த்து நில்லுங்கள். நான் கையை ஆட்டுவேன்.

உங்கள்
ரஞ்சனி